குட்டியின் உயரம்

குட்டியின் அம்மாவுக்கு,

நான் நன்றாகவே இருக்கிறேன். உன் முழங்கால் வலி தேவலையா? மாத்திரையை ஒழுங்காகப் போடு.

இங்கே ஒரு கூத்து நடந்தது. எங்கள் ஓவியக் கூடத்தில் பல காலமாகச் சேர்த்து வைத்த படங்களில் நாற்பதை எடுத்து, ஓவியம் படிக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கென்று கண்காட்சி வைத்தார்கள். மாட்டுகிற பொறுப்பு எனக்கு. "அந்தப் பிள்ளைங்க கண்ணுக்கு நேரா இருக்கணும்" என்றார் மேற்பார்வையாளர். நம் வீட்டிலேயே பத்தாம் வகுப்பு ஒன்று இருக்கும்போது எனக்கு எதற்கு அளவு நாடா? என்னை வழியனுப்பியபோது குட்டியின் தலை என் நெஞ்சுக்கு வந்ததல்லவா? அந்தக் கணக்கிலேயே நாற்பதையும் மாட்டிவிட்டேன்.

மறுநாள் வந்தவர்கள் அத்தனை பேரும் என் தோளுக்கு மேல்! டிராயிங் நோட்டும் கையுமாக முதுகை வளைத்துப் பார்த்தார்கள். ஒரு பெண் கேட்டே விட்டாள்: "அங்கிள், இது சின்னப் பிள்ளைங்களுக்கு மாட்டுனதா?" நானும் சேர்ந்து சிரித்தேன். சாயங்காலம் எல்லாவற்றையும் கழற்றி ஒரு சாண் உயர்த்தினேன். புறப்பட்டு வந்து நாலு வருஷம் ஆனதை மறந்தே போயிருக்கிறேன், பார்.

நீ அனுப்பிய போட்டோவில் குட்டியின் உயரம் பிடிபடவில்லை. அவளைச் சுவரோரம் நிறுத்தி, உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை நூல் பிடித்து வெட்டி, பதில் கடிதத்தோடு அனுப்பு. எதற்கென்று கேட்டால், அப்பா உடுப்பு எடுக்கப் போகிறார் என்று சொல். எடுக்கத்தான் போகிறேன்.

வேலைக்குப் போகும் வண்டி வந்து ஹாரன் அடிக்கிறது. நூலில் முடிச்சுப் போட்டுவிடாதே, அவள் உயரம் ஒரு விரற்கடை குறைந்துவிடும்.

குட்டியின் அப்பா