மடிப்பு விழாத பத்தொன்பது தாள்கள்

மார்ச் 4

அன்புள்ள நெட்டைக்கு,

நலம்தானே? முதுகுவலி குறைந்ததா? துறைத்தலைவர் ஆனதும் எனக்கு நாலு வரி எழுதக் கை வலிக்கிறதோ?

ஒரு வேலையாகத்தான் எழுதுகிறேன். பேக்கிங் ஆலையில் நாம் இருவரும் செய்த ஆய்வின் கேள்வித்தாள்களை, யார் வேண்டுமானாலும் சரிபார்க்கும்படி பொதுவில் வைக்கச் சொல்கிறது, நம் கட்டுரையை வெளியிட்ட பத்திரிகை. மூட்டையை அவிழ்த்தேன். வேலை தொடங்குமுன் மேலாளர் பத்து நிமிடம் உற்சாகமாகப் பேசினால் தொழிலாளிகளின் களைப்பு குறைகிறது என்று நம்மை எழுத வைத்த அதே நூற்றிருபது தாள்கள்.

எழுதிய தாளைப் போட நாம் வைத்த அட்டைப்பெட்டி நினைவிருக்கிறதா? காய் நறுக்கும் கத்தியால் நான் போட்ட துளை, தீப்பெட்டி அகலத்தோடு நின்றுவிட்டது. "இதுல ஸ்டாம்புதான்டி போகும்"னு சிரித்தாயே. எல்லாரும் தாளை எட்டாக மடித்துத்தான் போட்டார்கள். ஆனால் பத்தொன்பது தாள்களில் மடிப்பே இல்லை. அவை எப்படி உள்ளே போயின?

உன் குட்டை

மார்ச் 15

அன்புள்ள குட்டைக்கு,

முதுகு அப்படியேதான் இருக்கிறது. நீ எப்போது துப்பறியும் வேலையில் சேர்ந்தாய்? சிலர் தாளை என் கையில் கொடுத்திருப்பார்கள். பத்து வருடம் ஆகிவிட்டது, யார் உட்கார்ந்து மடிப்பை எண்ணப் போகிறார்கள்? விடு. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா, பேசி எவ்வளவு நாளாகிறது.

நெட்டை

மார்ச் 22

நெட்டை,

பத்தொன்பதிலும் ஒரே பேனா. விடையைச் சுற்றிப் போட்ட எல்லா வட்டமும் மேலே மூடாமல் நிற்கிறது. உன் வட்டம் எனக்குத் தெரியாதா? அவற்றை எடுத்துவிட்டுக் கணக்கிட்டேன். களைப்பு குறையவே இல்லை.

நேற்று அந்த ஆலைக்குப் போனேன். நம் கட்டுரையைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். உற்சாகப் பேச்சுக்காக மதிய இடைவேளையில் பத்து நிமிடத்தைப் பிடுங்கிவிட்டார்கள். டேப் ஒட்டும் அம்மா ஒருத்தி, "நல்லாத்தான் பேசுறாங்க. அந்த நேரம் கால நீட்ட விட்டா போதும்" என்றாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடு. நீ போடாவிட்டாலும் அனுப்புவேன். உன் மேல் ஆத்திரமாக வருகிறது, அழுகையும் வருகிறது.

குட்டை

ஏப்ரல் 6

குட்டை,

நான்தான் நிரப்பினேன். மூன்றாம் ஷிப்டுக்காரர்கள் பத்தொன்பது பேரும் தாளைத் தொடவே இல்லை. உனக்குப் போன் செய்தேன். "என்ன செய்வியோ தெரியாது, நூத்திருபதோட வா" என்றாய். வந்ததும் கட்டிப்பிடித்துக்கொண்டாய். எப்படிக் கிடைத்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தப்பிக்க இதைச் சொல்லவில்லை, எழுதிய கை என்னுடையதுதான்.

உன் கடிதத்தில் "பிழை நேர்ந்துவிட்டது" என்று எனக்காகப் பூசி மெழுகியிருந்தாய். அதை அடித்துவிட்டு, "பத்தொன்பது தாள்களை நானே நிரப்பினேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பதவியிலிருந்து விலகும் கடிதத்தையும் கொடுத்துவிட்டேன். ஆலைக்கு நீயே போய்ச் சொல். சட்டத்தைக் கழற்றும்வரை அங்கேயே நில்.

வீட்டுக்கு வா என்று எழுதியிருந்தேன். இப்போது வராதே. எப்போது என்று எனக்கே தெரியவில்லை.

ஒன்றை மட்டும் உன்னிடம் சொல்லாமல் விட்டிருந்தேன். ஏன் எழுத மாட்டேன் என்கிறீர்கள் என்று மூன்றாம் ஷிப்டில் கேட்டேன். "உக்காந்து எழுத எங்கம்மா நேரம் விடுறாங்க?" என்றார்கள். பத்தொன்பது பேரும் அன்றைக்கே பதில் சொல்லிவிட்டார்கள். நான்தான் அதை எழுதவில்லை.

நெட்டை