சென்ரி தாண்டிய பீட்சா மா

யூன் 3, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து மழை. பல்கனிக் கொடியில் காயப்போட்ட சேட்டுகள் நேற்றைய ஈரத்துடன் அப்படியே. மின்வெட்டு தொடருமாம், நீர்த்தேக்கப் பக்கம் மழையில்லையாம். மழைக்கு முகவரி பிழைத்துக் கொழும்பு வெள்ளவத்தையில் பெய்கிறது.

அபிக்கு வருகிற ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு பன்னிரண்டு வயது. கொள்ளுப்பிட்டி பீட்சா கடையில் கொண்டாட வேண்டுமாம், வகுப்புப் பிள்ளைகளுடன். முடியாது என்றேன். காரணங்களும் சொன்னேன்: குண்டு வெடிக்கிற காலம், சனம் கூடும் இடம், கண்ணாடிச் சுவர், பெரிய ரோட்டு.

"அப்ப பள்ளிக்கூடம்? அங்கையும் சனம்தானே அப்பா."

"அது கட்டாயம்."

"கோயில்?"

"கோயிலுக்குப் பின்வாசல் இருக்கு."

"உங்களுக்கு எல்லாத்துக்கும் ஒரு பின்வாசல் வேணும்."

உண்மைதான். சந்தியில் மணல்மூட்டை அடுக்கி ஆமி காவல் சென்ரி வைத்த நாள் முதல் நான் கடைக்குப் போவது தண்டவாளத்தோரமாக, கடற்காற்று வாங்கியபடி. தேகாப்பியாசம் என்று ச.விடம் சொல்லி வைத்திருக்கிறேன். (ச. என்பது சரோ, மனைவி. மை விலை.)

அழுகை தொடங்கும் அறிகுறி. வீட்டிலேயே பீட்சா செய்து தருகிறேன், கடையை விடத் திறமாக, என்று வாய் சொல்லிவிட்டது. கடைசிப் பகுதி தேவையில்லாதது.

குசினியிலிருந்து ச.வின் குரல், யாரிடமோ சொல்வது போல: "இந்த மனுசனுக்குச் சீனிப் போத்தல் எங்க இருக்கெண்டே தெரியாது."

யூன் 5, வியாழன்

தூறல். செய்முறை அகப்பட்டது, ச.வின் பழைய ஆங்கில மாதர் சஞ்சிகையில். உட்கார்ந்து தமிழாக்கினேன். பத்திரிகைக் கந்தோரில் செய்வதை வீட்டிலும் செய்வது எனக்குள்ள வியாதி. மூலத்தில் சொற்பெருக்கு அதிகம். மா பொங்கியதும் அதைக் குத்தி அமர்த்தி, மறுபடி பொங்கவிடச் சொல்கிறது. இரண்டு மணித்தியாலம் காவலிருந்து பொங்க வைத்ததை எவன் குத்துவான்? கூறியது கூறல் குற்றம். அந்த வசனத்தை வெட்டினேன். இதை விட நல்ல வசனங்களைத் தணிக்கைக்குப் பயந்து நாள்தோறும் வெட்டுகிறேன்.

வாங்க:
கோதுமை மா - இருக்கிறது
ஈஸ்ட் - சின்ன டின்
தக்காளி, உள்ளி
சீஸ் - டின்னில் வருவது
ஒலிவ் எண்ணெய் - பார்மசி

பார்மசிக்காரர்: "காதுக்கோ, பிள்ளைக்குப் பூசவோ?"

"பீட்சாவுக்கு."

"அது எந்த இடத்தில வாறது?"

வயிற்றில் என்றேன். சின்னப் போத்தல் தந்தார். வெளிப்பூச்சுக்கு மட்டும் என்று ஒட்டியிருக்கிறது.

ஒறிகானோ என்றொரு இலை வேண்டும். காலி வீதிக் கடைகள் எல்லாவற்றிலும் கேட்டேன், எவருக்கும் தெரியவில்லை. மேல்மாடி டொரத்தி அன்ரி (பறங்கியர், தனியாள், மின்சார 'அவன்' அடுப்புக்குச் சொந்தக்காரி) தன் பூச்சட்டியைக் காட்டினார். கற்பூரவள்ளி. "அதே வாசம்தான் மேன், மணந்து பார்." மணந்தேன். மூக்கடைத்துத் தடிமன் வந்த நாட்கள் ஞாபகம் வந்தன.

யூன் 8, ஞாயிறு

வெயில். ஒத்திகை.

மா குழைத்தது நான். மேலே போட ச. தன்னிச்சையாகக் கோழிப் பிரட்டல் செய்து வைத்திருந்தாள், குழம்போடு. "வெறும் தக்காளியைப் போட்டு ஆக்களுக்குக் குடுக்கேலாது" என்கிறாள். வாதாடினேன். பிரட்டல் வென்றது.

டொரத்தி அன்ரியின் அவனில் வைத்துக் கதவை மூடிய சற்று நேரத்தில் கரன்ட் போய்விட்டது. அட்டவணைப்படி அடுத்த வட்டாரத்துக்குப் போக வேண்டிய இருள். அன்ரி மெழுகுவர்த்தி கொளுத்தினார். மூவரும் அவனைச் சுற்றி நின்றோம், பிரேத ஊர்வலத்துக்குக் காத்திருப்பவர்கள் போல. வெளியே எடுத்தபோது அடி வெந்த ரொட்டி, நடு களி, மேலே குழம்பு.

ச.: "ரொட்டி எண்டால் ரொட்டி எண்டு சொல்லுங்கோ. அதில ஒரு வெக்கமும் இல்லை."

காகத்துக்கு வைத்தேன். கோழியை மட்டும் எடுத்துப் போயிற்று.

பின்னேரம் அபி பல்கனியில் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அப்பா, ஒண்டு சொன்னால் ஏசுவீங்களோ?"

"சொல்லு."

"நீங்கள் ஒவ்வொரு சனியும் பீட்சா செய்யிறனீங்கள் எண்டு வகுப்பில சொல்லிப்போட்டன். நிலானி நம்பேல்லை. வந்து பாக்கிறன் எண்டவள். மற்றவையும் வருகினம்."

நிலானி ஒரு டாக்டரின் மகள். கடைக்குப் பல தடவை போனவளாம். பீட்சா உண்மையோ பொய்யோ என்று அவள் சீஸை இழுத்துப் பார்த்துத்தான் சொல்வாளாம். நூல் வர வேண்டுமாம்.

"ஏன் பிள்ளை அப்பிடிச் சொன்னனீ?"

"அப்பா விடமாட்டார், அவருக்குப் பயம் எண்டு சொல்லவோ?"

என் மானத்தைக் காப்பாற்ற அவள் பொய் சொல்லியிருக்கிறாள். அவள் மானம் இப்போது என் கோதுமை மாவில்.

யூன் 10, செவ்வாய்

புழுக்கம். பஸ்ஸில் முன்சீற்றில் இரு பெண்கள்:

"மாப்பிள்ளை லண்டனில பீட்சா கொண்டுபோய்க் குடுக்கிறாராம்."

"படிப்பு?"

"எஞ்சினியர்."

"அப்ப நல்ல இடம்."

கந்தோரில் அரச தரப்புப் போர் அறிக்கை: ஒரு கிராமத்தில் முன்னேற்றம். மறுதரப்பு அறிக்கை: அதே கிராமத்தில் முன்னேற்றம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். கிராமத்தின் அறிக்கை கிடைக்கவில்லை.

வீட்டில் இரண்டாம் முயற்சி. மின்சாரத்தை நம்பாமல், அடுப்பில் பெரிய சட்டி, மூடியின் மேல் சிரட்டைக் கரி. "ஊரில கேக் இப்பிடித்தான் சுட்டனாங்கள்" என்று ச. பொறுப்பேற்றாள். புகை. கீழ்வீட்டார் கதவில் தட்டினார்கள். "நெருப்போ? நூர்க்கிறதுக்கு ஆள் கூப்பிடவோ?" பீட்சா என்றோம். நம்பியதாகத் தெரியவில்லை.

நிலவரம்: அடிப்புறம் கரி. மத்திய பகுதியில் மாவின் எதிர்ப்பு தொடர்கிறது. டின் சீஸ் உருகவே இல்லை, வியர்த்தது. நமது தரப்பு பின்வாங்கவில்லை, பேக்கரிப் பாண் வாங்கிச் சாப்பிட்டது.

டொரத்தி அன்ரி சீஸை விரலால் அமுக்கிப் பார்த்தார். "மை டியர் மேன், இது சீஸ் இல்லை. உடுப்புத் தோய்க்கிற சவுக்காரம்." கொள்ளுப்பிட்டி சுப்பர்மார்க்கட்டில் மொசரெல்லா என்று கேள் என்றார். கொள்ளுப்பிட்டி! பெரிய ரோட்டு, கண்ணாடிச் சுவர்.

யூன் 12, வியாழன்

கொள்ளுப்பிட்டிக்குப் போனேன். கண்ணாடிச் சுவருக்குள் நின்றேன். சீஸ் வாங்கினேன். ஒன்றும் நடக்கவில்லை, சீஸின் விலையைத் தவிர.

திரும்பும்போது பேக்கரிக்குள் எட்டிப் பார்த்தேன். விறகெரித்துப் பாண் சுடும் போறணை, குகை மாதிரி. டிசம்பரில், நத்தார் காலத்தில் ஊர்ச் சனமெல்லாம் கேக் தட்டுகளைக் கொண்டுவந்து இங்கேதான் சுடும், சுடுகூலி கொடுத்து. பீட்சாவும் தட்டில் வருவதுதானே. முதலாளி மாத்தறைப் பக்கத்துச் சிங்களவர்.

"கேக் இல்லையா மாத்தயா? இது என்ன சாமான்?"

பாண் மாதிரி, ஆனால் மேலே தக்காளி என்றேன்.

"அப்போ மாலு பாண்."

மீன் உள்ளே இருக்காது என்றேன். என்மேல் இரக்கம் கொண்டார். ஞாயிறு காலைப் பாண் இறக்கிய பிறகு, பின்னேரப் பாண் ஏற்ற முன்னம் போறணை சும்மா சூட்டோடு இருக்கும், கொண்டு வா என்றார். மா பொங்கினபடியே வர வேண்டும், அங்கே வைத்துப் பொங்க வைக்க இடமில்லை.

ஒரேயொரு சிக்கல். பேக்கரி, சென்ரிக்கு அந்தப் பக்கம். தண்டவாளத்தோரமாகப் போகலாம்தான். ஆனால் துணியால் மூடிக் கட்டிய உருண்டைப் பாரத்தைச் சுமந்துகொண்டு ரயில் பாதையோரம் நடந்து போகும் ஒரு தமிழனை யாரும் பீட்சாக்காரன் என்று முதலில் நினைக்க மாட்டார்கள். முன்வழியால்தான் போக வேண்டும்.

அடையாள அட்டையை (ஐ.சி.) இன்றே தேடி எடுத்து வைத்தேன்.

யூன் 15, ஞாயிறு

பிறந்தநாள். நல்ல வெயில். அபி புதுச் சட்டையில், முகத்தில் பரீட்சை மண்டபக் களை.

காலை மா குழைத்துப் பெரிய பிளாஸ்ரிக் பேசினில் வைத்தேன். மத்தியானத்துக்குள் விளிம்பைத் தாண்டி எழுந்துவிட்டது. பழைய வேட்டித் துண்டால் கட்டினோம். பிள்ளைகள் நாலு மணிக்கு. இரண்டு தட்டு, தக்காளிக் கூட்டு, சீஸ், கற்பூரவள்ளி பையில். ஐ.சி. சேட்டுப் பையில். பொலிஸ் பதிவுத் துண்டு அதற்குப் பின்னால். ச. வாசல் வரை வந்தாள். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ. விளக்கம் குடுக்க வெளிக்கிடாதேங்கோ."

சென்ரி. இளம் ஆமிக்காரன். ஐ.சி.யைப் பார்த்தான், பிறந்த இடம் யாழ்ப்பாணம். என்னைப் பார்த்தான். பேசினைப் பார்த்தான். "மொகக்த மே?" இதென்ன என்று. பாண் மா என்று சிங்களத்தில் சொன்னேன். அந்த நேரம் பார்த்துத் துணிக்குள் மா மெதுவாக அசைந்தது. வெயிலில் இன்னும் பொங்குகிறது. அவன் ஓரடி பின்னால் போனான்.

அரிசி மூட்டை குத்திப் பார்க்கும் இரும்புக் கம்பி ஒன்று அவர்களிடம் உண்டு. துணியை விலக்கி அதைச் செருகினான். 'புஸ்' என்று பெருமூச்சு. முழு மாவும் கண் முன்னால் இறங்கிற்று. அவன் இன்னும் ஓரடி பின்னால்.

"ஏன் சத்தம் போடுது?"

காற்று என்றேன். ச. சொன்னபடி விளக்கம் கொடுக்கவில்லை.

மேலதிகாரி சார்ஜன் வரும்வரை நில் என்றான். நின்றேன், மணல்மூட்டை அருகே, பேசினை அணைத்தபடி. அபியின் முகம் மட்டும் நினைவில். காலை முழுக்கக் காவலிருந்த மா தட்டையாகக் கிடந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகச் சென்ரியில் என் பயம் எனக்காக இல்லை. இதைக் கவனித்து ஆச்சரியப்படவும் நேரம் இருந்தது, சார்ஜன் அவ்வளவு தாமதம்.

அவர் வந்தபோது மா மறுபடி எழுந்திருந்தது. துணிக்கு மேலால் கைமுட்டியால் இரண்டு அமுக்கு அமுக்கினார். மறுபடி பெருமூச்சு.

"யாருக்கு?"

"மகளுக்கு. இண்டைக்குப் பிறந்தநாள்."

"கேக் இல்லையா?"

"பீட்சா கேட்டாள்."

தலையை ஆட்டினார். அவருக்கும் மகள் இருக்க வேண்டும், அல்லது பசி. போகச் சொன்னார்.

பேக்கரியில் கம்பி போன இடத்தை வெட்டி எறிந்தேன். மற்றதைத் தட்டில் விரித்தேன். முந்திய தடவைகள் போல் கிழியவில்லை, தோல் மாதிரி இழுபட்டது. தக்காளி, சீஸ், இலை. பிரட்டல் இல்லை. ச.வுக்கு அது அப்போது தெரியாது. முதலாளி நீள மரத் துடுப்பால் உள்ளே தள்ளினார். விளிம்பு குமிழி குமிழியாக ஊதிப் பொன்னிறமாயிற்று. இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

திரும்பும் வழியில் அதே ஆமிக்காரன். மூடிய தட்டைக் கண்டான். கம்பியை எடுக்கவில்லை. இப்போது செத்துவிட்டதா என்று கேட்டான். ஓம், செத்துவிட்டது என்றேன். திருப்திப்பட்டான்.

வீட்டில் பிள்ளைகள் வரிசையாக. நிலானி ஒரு துண்டை எடுத்துக் கடித்து, கையை நீட்டினாள். நூல் வந்தது. கையை இன்னும் நீட்டினாள். நூல் இன்னும் வந்தது. கடைசியில் நிலானி நூலைச் சுற்றி வாய்க்குள் போட்டுக்கொண்டு சொன்னாள்: "அங்கிள், கடையில விளிம்பு இப்பிடி ஊதாது."

அபி, எதுவும் நடக்காதது போல்: "எங்கட வீட்டில எப்பவும் இப்பிடித்தான்."

ச. நின்றபடியே சாப்பிட்டாள், திரும்பத் திரும்ப எடுத்து. "உப்புக் காணாது" என்றாள். பிறந்தநாள் பாட்டுக்குப் பியானோ இல்லாத குறையை டொரத்தி அன்ரி வாயால் நிவர்த்தி செய்தார்.

எல்லாரும் போன பிறகு அபி: "சென்ரியாலயோ போனீங்கள்?"

"ஓம்."

"பயமில்லையோ?"

"கையில பேசின். பயப்பிட வசதி இல்லை."

யூன் 21, சனி

மழை. ஒவ்வொரு சனியும் செய்வதாக அபி வகுப்பில் சொன்னது இப்போது சட்டம். பேக்கரி முதலாளியும் சம்மதம்.

சந்தியில் சென்ரி இல்லை. மணல்மூட்டை மட்டும். யாரோ பெரிய மனிதர் வருகிறாராம், ஆட்களையெல்லாம் பெரிய ரோட்டுக்கு இழுத்துவிட்டார்கள். சிரமமின்றி நடந்தேன். மா பொங்கிய கோலத்துடன் அப்படியே போய்ச் சேர்ந்தது.

பீட்சா: பேக்கரிப் பணிஸ் மாதிரி. தடிப்பு, சப்பென்று.

"போன கிழமை மாதிரி இல்லை அப்பா."

ச. என் தமிழாக்கத்தை எடுத்துச் சஞ்சிகையோடு ஒப்பிட்டாள். பள்ளிக்கூடத்தில் இங்கிலிஷ் படிப்பிப்பவள். ஒரு வரியில் விரல் நின்றது.

"இதை ஏன் விட்டனீங்கள்? மா பொங்கினதும் குத்தி அமத்தி, திரும்பப் பொங்க விடச் சொல்லிக் கிடக்கு."

"கூறியது கூறல்."

"கூறின ஆளுக்குச் சமைக்கத் தெரியும். வெட்டின ஆளுக்கு?"

ஆக, என் மொழிபெயர்ப்பில் விடுபட்ட வசனத்தை ஆமி சேர்த்திருக்கிறது. இரண்டு தடவை. மூலத்துக்கும் மேலாக.

யூன் 28, சனி

மேகம், மழை இல்லை. ஈஸ்ட் முடிகிறது, வாங்க வேண்டும். அன்ரியின் கற்பூரவள்ளி மொட்டையாகிவிட்டது, வேறு சட்டி வைக்கிறார்.

காலை மாவை நானே குத்தினேன். அபி மேற்பார்வை. "இன்னும் கோவமாக் குத்துங்கோ அப்பா. மன்னிப்புக் கேக்கிற மாதிரிக் குத்துறீங்கள்." பிறகு தானே குத்தினாள். நன்றாகக் குத்துகிறாள்.

சென்ரி திரும்ப வந்துவிட்டதாகக் கீழ்வீட்டார் சொல்லிப் போனார்கள். நாட்டின் பாதுகாப்புக்கு நல்லதோ தெரியாது, மாவுக்குக் கெடுதலில்லை.

பேசினைக் கட்டி முடித்ததும் அபி அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். தானும் வருகிறாளாம். அந்தக் கம்பியைப் பார்க்க வேண்டுமாம். தண்டவாளப் பக்கம் வேண்டாமாம், முன்வழியாலேயே போவோமாம்.

ச. என் முகத்தைப் பார்த்தாள்.

வரட்டும் என்றேன்.