செஞ்சிருவோம் அண்ணாச்சிக்கு ஒரு சிலை

ஊருக்கெல்லாம் அண்ணாச்சியாகவும் எனக்கு மட்டும் அப்பாவாகவும் இருந்தவரே,

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டது. நம் கடை வாசலெல்லாம் ஈரக்கால் தடம். நீங்கள் இல்லாத முதல் சீசன். துண்டும் தைலமும் நீங்கள் இருந்தபோது விற்றது போலவே விற்கின்றன. உங்களை யாரும் தேடவில்லை என்றால் பொய். சங்கத்துக்காரர்கள் தேடுகிறார்கள், கல்லில்.

ஆமாம், உங்களுக்குச் சிலை. கடைக்காரர் சங்கத்தின் புதுத் தலைவர் நம் தென்காசி வீட்டுக்கே வந்து, கடையை ஒட்டிய காலியிடத்தைக் கேட்டார். "அண்ணாச்சி இந்த ஊருக்கு எவ்வளவு செஞ்சிருக்காரு" என்றார். என்ன செய்தார் என்று கேட்டேன். காப்பி தீரும்வரை யோசித்தார்.

அந்த இடம் எதற்கென்று நினைவிருக்கிறதா அப்பா? வார்டு மெம்பர் தேர்தலில் மைக்கைப் பிடித்து, "அருவியில குளிக்க வார பொம்பளைய எல்லாம் துணி மாத்த, என் சொந்த இடத்துல ரூம் கட்டித் தாரேன்" என்றீர்கள். ஜெயித்தீர்கள். திரும்பவும் ஜெயித்தீர்கள். எதிரே அன்னாசி நறுக்கி விற்கும் செல்லம்மாக்கா ஒவ்வொரு சீசனிலும் வந்து நிற்பார். "பிள்ளைய எல்லாம் ஈரத்துணியோட பஸ் ஏறுதுவ அண்ணாச்சி. அந்த ரூமு?"

"செஞ்சிருவோம்."

தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் அதே சொல்தான். இல்லை என்றால் ஓட்டு போகும், செய்தால் வேலை வரும். இரண்டுக்கும் நடுவில் ஒரே சொல்லை வைத்து ஆயுசை ஓட்டிவிட்டீர்கள். ஊர் உங்களுக்கு 'செஞ்சிருவோம் அண்ணாச்சி' என்று பேர் வைத்தது. நீங்கள் அதைப் பட்டம் என்று நினைத்துக்கொண்டீர்கள்.

அறை கட்டாததற்குக் காரணம் சோம்பல்கூட இல்லை. கடைக்குப் பின்னால் நம் சரக்கு அறை இருந்ததே. நடுங்கிக்கொண்டு நிற்கும் பெண்களிடம், "துண்டு எடுத்தா உள்ள போய் மாத்திக்கிடலாம்மா" என்பீர்கள், பெரிய உபகாரம் செய்கிற குரலில். பக்கத்திலேயே பொது அறை வந்தால் துண்டை யார் வாங்குவார்கள்?

தெரியாமல் செய்திருந்தால் விட்டிருப்பேன். என் சின்ன வயதில், கூட்டம் வருவதற்கு முன்பே அருவிக்குக் கூட்டிப்போவீர்கள். குளித்து வந்ததும் துண்டை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொள்வீர்கள். "மெதுவா மாத்துட்டி, அப்பா பிடிச்சிருக்கேன்." கை வலித்தாலும் துண்டு இறங்காது. மறைப்பு என்றால் என்னவென்று அவ்வளவு தெரிந்த மனிதர், அடுத்த வீட்டுப் பெண்களுக்கு அதை விற்றார். இதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

உங்களைக் கிடத்தியிருந்தபோது செல்லம்மாக்கா மாலையோடு வந்து என் காதில் சொன்னார்: "எமன் வந்து கூப்பிட்டதுக்கும் 'வந்திருவோம்'னுதான் சொல்லியிருப்பாரு. அவனுக்கு இந்த வார்டுல ஓட்டு இல்லைல்லா, நம்பல." சாவு வீட்டில் சிரித்துவிட்டேன். அழுகிறேன் என்று நினைத்து யாரோ ஒரு பெரியவர் தலையைத் தடவினார்.

சங்கத் தலைவரிடம், அங்கே துணி மாற்றும் அறைதான் கட்டப்போகிறேன், வேண்டுமானால் அதற்கு அப்பா பேரை வைக்கலாம் என்றேன். முகத்தைச் சுளித்தார். "அண்ணாச்சி பேரைப் போயி அதுலயாம்மா?" பிறகு சமாதானமாக, "இப்ப சிலையை வச்சிருவோம். ரூமைப் பின்னால செஞ்சிருவோம்" என்றார். உங்களுக்குச் சிலை எதற்கு அப்பா? அச்சு அசலாக என் எதிரிலேயே உட்கார்ந்து காப்பி குடித்ததே.

இடம் கிடையாது என்று அனுப்பிவிட்டேன்.

நேற்று அஸ்திவாரம் தோண்டியாயிற்று. போர்டில் என்ன பேர் எழுத என்று கொத்தனார் கேட்டார். 'பெண்கள்' என்று மட்டும் எழுதச் சொன்னேன். கட்டி முடியும்வரை சரக்கு அறை திறந்திருக்கும், துண்டு எடுக்காதவர்களுக்கும்.

செல்லம்மாக்கா நம்பவில்லை. "நீயும் அவரு மவதானட்டி" என்கிறார். இத்தனை வருஷத்தில் நான் வாங்கிய ஏச்சுகளில் இதுதான் பெரிது.

இந்தச் சீசன் முடிவதற்குள் கூரை ஏறிவிடும். செல்லம்மாக்காதான் முதலில் உள்ளே போவார். கதவை நான் பிடித்திருப்பேன், முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டு.

உங்கள் பெயரை முதலெழுத்தாக மட்டும் வைத்திருக்கும் மகள்,
க. வடிவு