சுவர்ப் பக்கம் திரும்பிய முகம்

மாமா,

இன்று சாயங்காலம் தேநீருக்குப் பால் எடுக்கலாமென்று ஃபிரிட்ஜைத் திறந்தேன். நீங்கள் எதிரே வந்து நின்ற மாதிரி இருந்தது. ஈரச் செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்த வெற்றிலைக் கட்டின் வாசம் அது. நாளைக்கு உங்கள் பேத்தி யாழினிக்கு நிச்சயதார்த்தம். அதற்காகக் காலையில் லிட்டில் இந்தியா போய் வாங்கி வந்தேன். நான்தான் வாங்கினேன், நான்தான் தூக்கி வந்தேன், நான்தான் ஃபிரிட்ஜில் வைத்தேன். உங்கள் மகள் செல்வி கடைக்குள்ளேயே வரவில்லை. எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெற்றிலைத் தோட்டக்காரர் மகள் வெற்றிலைக் கடைக்குள் வரமாட்டேன் என்கிறாள். நீங்கள் போனதிலிருந்தே இப்படித்தான்.

அதே கடை வாசலில்தான் ஒருமுறை உங்களோடு நின்றேன். மலேசியாவில் உங்கள் ஊர் கூலாயிலிருந்து வியாபாரியின் லாரியில் உங்கள் வெற்றிலை இங்கே சிங்கப்பூருக்கு வந்து இறங்கும். பின்னாலேயே நீங்கள் பஸ் பிடித்து, பாலம் கடந்து, அது எப்படி விற்கிறதென்று பார்க்க வருவீர்கள். பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு வருகிற மாதிரிதான் இருக்கும் உங்கள் நடை. அன்று தெரியாதவர் போலக் கடைக்காரரிடம், "இது எந்த ஊரு வெத்தலங்க?" என்று கேட்டீர்கள். அவர் தண்ணீர் தெளித்துக்கொண்டே, "ஃபிரெஷ்ஷா இந்தியாவிலேருந்து வந்துச்சுலா அங்கிள்" என்றார். நீங்கள் தலையை ஆட்டிவிட்டு, உங்கள் வெற்றிலையை நீங்களே ஒரு கட்டு வாங்கி மடியில் செருகிக்கொண்டீர்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சொல்லியிருக்கலாமே மாமா?" என்றேன். "அவருக்கு வியாபாரம் நடக்குது. நாம வாயத் தொறந்து என்ன ஆகப்போகுது மாப்பிள்ளை?" என்றீர்கள்.

அந்தக் கதையை வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இப்போது சொல்வதில்லை.

உங்களைப் பற்றிச் சிரிக்க எனக்கு விஷயமா இல்லை! எங்கள் உட்லண்ட்ஸ் அடுக்குமாடி வீட்டுக்கு முதன்முதலாக வந்தபோது, கீழே லிஃப்ட் வாசலிலேயே செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு மேலே ஏறி வந்தீர்கள். வெற்றிலைக் கொடிக்காலுக்குள் செருப்போடு போகக்கூடாது என்பது உங்களுக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம். மகள் வீட்டையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டீர்கள். திரும்பும்போது கீழே போய்ப் பார்த்தால் செருப்பைக் காணோம். துப்புரவுக்காரர் குப்பை என்று எடுத்துப் போட்டுவிட்டார். புளோக்குக்குக் கீழே இருந்த கடையில் வாங்கிக் கொடுத்த நீல ரப்பர் சிலிப்பரைப் போட்டுக்கொண்டு, ஏதோ குற்றம் செய்தவர் போல ஊருக்குப் போனீர்கள்.

பெண் பார்க்க வந்த அன்று நீங்கள் என்னிடம் என் வேலையைக் கேட்கவில்லை, வீட்டைக் கேட்கவில்லை. கேட்டது ஒன்றுதான். "எம் பொண்ணு கொஞ்சம் சத்தமாப் பேசும். பரவால்லீங்களா மாப்பிள்ளை?" நான் பரவாயில்லை என்றதும் மெல்லச் சிரித்தீர்கள். "நான் பேசுறதில்ல. எனக்கும் சேர்த்து அது பேசுது."

அந்தப் பெண்தான் மாமா இப்போது பேசாமல் இருக்கிறாள்.

செல்வி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருஷமே அவள் அம்மா போய்விட்டார். நீங்கள் மறுகல்யாணம் செய்யவில்லை. தலை பின்னத் தெரியாமல், கொடியைக் கம்பத்தில் கட்டுகிற மாதிரி அவள் சடையை வாழைநாரால் கட்டி அனுப்பினீர்களாம். அதைப் பார்த்துப் பொறுக்காமல்தான் புருஷனை இழந்திருந்த உங்கள் தங்கை பெட்டியோடு வந்து சேர்ந்தார். செல்வியை வளர்த்தவர் அவர்தான். இதை நான் மறக்கவில்லை. செல்வியும் மறக்கவில்லை. நீங்கள் மறக்கவே இல்லை, அதுதான் வினை.

தீட்டு நாளில் பெண்கள் கொடிக்காலுக்குள் கால் வைத்தால் கொடி அழுகும் என்பது உங்கள் தங்கையின் சட்டம். செல்வி பெரியவளான பிறகு, அந்த நாட்களில் உங்களுக்குத் தேநீர் கொண்டுவந்தால் வேலிக்கு வெளியேதான் நிற்பாள். நீங்கள் செய்துகொண்டிருந்ததை விட்டுவிட்டுத் தோட்டத்தின் அந்தக் கோடியிலிருந்து நடந்து வந்து வாங்கிக்கொள்வீர்கள். "நான் வர்றேன், நீ நில்லு" என்பீர்களாம். சட்டம் சரி என்று ஒருநாளும் சொன்னதில்லை, தப்பு என்றும் சொன்னதில்லை. கொய்யாப்பழம் ஒன்றைப் பறித்து வந்து அவள் கையில் வைத்துவிட்டுத் திரும்பிப் போவீர்கள். அதை அன்பு என்றுதான் செல்வி வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்புதான்.

பிறகு உங்களுக்கு வாதம் வந்து வலப்பக்கம் விழுந்தது. பேச்சு குழறினாலும் புரிகிற மாதிரிதான் பேசினீர்கள். வேலையாள் ஊருக்குப் போன சமயம், வருஷக் கடைசி மழை விடாமல் பிடித்துக்கொண்டது. தோட்டத்தில் தண்ணீர் கட்டி நின்றது. வேரில் தண்ணீர் நின்றால் கொடி தாங்காது என்று உங்கள் வீட்டுக்கு வந்து போகிற எனக்கே தெரியும். வார விடுமுறைக்கு வந்திருந்த செல்விதான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கி, சேற்றில் நின்று வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வெளியே விட்டாள். அவளுக்கு அது தீட்டு நாள். வேறு யார் இருந்தார்கள்? அவள் இறங்குவதற்கு முன்பே பாதி வரிசை அடித்தண்டு கறுத்துவிட்டிருந்தது.

மறுநாள் காலையில் உங்கள் தங்கை உங்கள் கட்டிலருகில் நின்று கத்தினாராம். "இவ கால் பட்டுத்தான் கொடி போச்சு. அடுத்து இந்த வீட்டுல என்ன போகப்போகுதோ!" செல்வி உங்களைப் பார்த்தாள். நீங்கள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டீர்கள்.

அன்று பகலில்தான் நான் அவளை அழைத்துப் போக வந்தேன். காலையில் நடந்தது எனக்குத் தெரியாது. சாயங்காலம் பாலத்துப் பஸ் வரிசையில் நிற்கும்போதுதான் சொன்னாள், அதுவும் ஏதோ பக்கத்து வீட்டுச் செய்தி சொல்கிற மாதிரி. அடுத்த மாதம் நீங்கள் போய்விட்டீர்கள். கருமாதி அன்று உங்கள் தங்கை அதையே சொந்தபந்தம் முன்னால் இன்னொரு தடவை சொன்னார். அண்ணனையும் அந்தக் கணக்கிலேயே எழுதிவிட்டார். அழுகிற மனுஷியோடு பிணம் எடுத்த வீட்டில் வாதாட வேண்டாமென்று செல்வியே என் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்துவிட்டாள்.

அன்று முதல் அவள் வெற்றிலையைத் தொடுவதில்லை. படித்த பெண், ஒரு கிளினிக்கையே நிர்வாகம் செய்கிறவள், தீட்டை நம்பிவிட்டாளே என்று எனக்கு ஆற்றாமை. நாளைக்குத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து மாப்பிள்ளை வீட்டாரிடம் தட்டு மாற்ற வேண்டியது பெண்ணைப் பெற்றவள். போன வாரம் சாவகாசமாகச் சொல்கிறாள்: "தட்ட வேற யாராவது புடிக்கட்டும்." யாழினியின் முகம் வாடிப்போய்விட்டது. "நோ லா அம்மா. நீங்கதான் புடிக்கணும். இல்லேன்னா எனக்கு இந்த ஃபங்ஷனே வேணாம்" என்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். பேத்தியின் குரலும் நல்ல சத்தம்தான் மாமா. அதில் எனக்குக் கொள்ளைச் சந்தோஷம்.

ஃபிரிட்ஜ் வாசத்தில் நின்றபோதுதான் நான் அவளை அழைத்துப் போக வந்த அந்தப் பகல் நினைவுக்கு வந்தது. நான் வந்து உட்கார்ந்ததும் செல்வியைக் கூப்பிட்டீர்கள். "ஒரு வெத்தல கொண்டா." பாக்கும் சுண்ணாம்பும் டாக்டர் கூடாதென்றிருக்கிறார் என்றாள். "வெறும் வெத்தல. நீயே போய்ப் பறி" என்றீர்கள். அவள் தயங்கிவிட்டுப் போனாள். பிழைத்திருந்த வரிசையிலிருந்து ஒன்றைப் பறித்து வந்து, துடைத்து மடித்து உங்கள் வாயில் வைத்தாள். கோணிய வாயால் வெகுநேரம் மென்றீர்கள். கடைவாயில் பச்சைச் சாறு வழிந்தது. அவள் முந்தானையால் துடைத்தாள். நீங்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

தங்கையின் பேச்சைக் கேட்ட அதே நாளில், அந்தக் கால் உள்ளே போக, அந்தக் கை பறிக்க, வாங்கித் தின்றீர்கள். அதுதான் உங்கள் பதிலா? அடுப்படியில் கேசரிக்கு ரவை வறுத்துக்கொண்டிருந்த செல்வியிடம் போய்ச் சொன்னேன்.

"அன்னிக்கு உங்கப்பா உன் கையால வெத்தல வாங்கிச் சாப்பிட்டாரே, ஞாபகம் இருக்கா? தெரிஞ்சுதான் சாப்பிட்டிருக்காரு. உன் மேல தப்பே இல்லன்னு சொல்லியிருக்காரு செல்வி."

அவள் அடுப்பைத் தணித்தாள்.

"இது எனக்கு அன்னிக்கே தெரியும்ங்க."

"அப்புறம் ஏன்..."

"தீட்டு கீட்டெல்லாம் நான் நம்புறேன்னா நினைச்சீங்க? எனக்கென்ன பைத்தியமா? அந்த வாசம் வந்தா அப்பா முகம் சுவர்ப் பக்கம் திரும்புறதுதான் தெரியுது." கரண்டி அவள் கையிலேயே இருந்தது. "வெத்தல மெல்ல அந்த வாய் அசைஞ்சுச்சுல்ல? எனக்காக ஒரு வார்த்த சொல்ல அசையலியே."

இதற்கு நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்?

உங்கள் மேல் எனக்குக் கோபம் மாமா. சொல்லிவிடுகிறேன், இனி யாரிடம் சொல்வது? தங்கை மனம் நோகக்கூடாது, வீட்டில் சண்டை கூடாது என்று காலமெல்லாம் வாயை மூடியே குடும்பத்தைக் கட்டிக் காத்தீர்கள். நல்ல மனுஷர் என்று ஊரே சொல்லிற்று. நானும் சொன்னேன், இப்போதும் சொல்வேன். ஆனால் அந்த நல்லதனத்துக்கு விலை கொடுத்தது உங்கள் மகள். ஒரு வெற்றிலையில் சொல்லி முடித்துவிட்டதாக நினைத்தீர்கள். அது அவளுக்குக் கேட்டது. ஊருக்குக் கேட்கவில்லையே?

ரவையை இறக்கி வைத்துவிட்டுச் செல்வி கையைக் கழுவினாள். ஃபிரிட்ஜிலிருந்து கட்டை எடுத்து மேசையில் பிரித்தாள். வாசம் வீடு முழுக்கப் பரவியது. ஒவ்வொரு இலையாகத் துடைத்து, கிழிந்ததையும் புள்ளி விழுந்ததையும் ஒதுக்கினாள். அவள் விரல்கள் எதையும் மறந்திருக்கவில்லை. அழுதாள், துடைப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

"தட்ட நான்தான் புடிக்கப் போறேன்" என்றாள், இலையைப் பார்த்தபடியே. "காலையிலயே அத்தை வந்துடுவாங்க. நான் கும்புட்டுத்தான் கூட்டி உட்கார வைப்பேன், வளத்தவங்க. ஆனா சபையில அவங்க ஏதாவது சொன்னா, நீங்க சுவரப் பார்க்கக் கூடாது."

உங்களிடமிருந்து எனக்கு நிறைய ஒட்டிக்கொண்டிருக்கிறது மாமா. யார் வீட்டுக்குப் போனாலும் செருப்பை ஓரமாக, ஜோடி சேர்த்துத்தான் விடுகிறேன். சண்டை வரும்போல் இருந்தால் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறேன். அவள் சொன்னதற்கும் தலை தானாக ஆடப் போயிற்று.

நிறுத்திக்கொண்டேன். "பார்க்க மாட்டேன்" என்று வாயைத் திறந்தே சொன்னேன். உள்ளே அறையில் இருந்த யாழினிக்கும் கேட்டிருக்கும்.