தார் சுற்றுவதும் நெசவுதான்

9 ஜூன் 2025

நடை மூன்று கிலோமீட்டர். முட்டி கெஞ்சியது, விடவில்லை. "ரிட்டையர் ஆகி எம்புட்டு வருசமாச்சு, இன்னும் யாரு உங்களுக்கு அட்டென்டன்ஸ் எடுக்கப் போறா?" என்று என் மனைவி பியூலா கேலி செய்கிறாள்.

பஞ்சு மார்க்கெட்டில் தங்கச்சாமியைப் பார்த்தேன். ஸ்கூட்டரை நிறுத்திப் பழம் வாங்கிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் எதிரே போன மில் பஸ்ஸைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். ஏழு வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். எட்டு வருடமாகப் பேச்சில்லை. தப்பு அவன் பேரில் இல்லை.

11 ஜூன்

தங்கச்சாமியின் மகள் பாண்டிசெல்வி வந்திருந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அப்பாவுக்குத் தெரியாம வந்திருக்கேன் மாமா. தெரிஞ்சா வைவாரு."

பேண்டேஜ் துணி நெய்கிற சின்னத் தறிக்காரர்கள் இருபத்துமூன்று பேர் மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தில் மறுபடியும் மனு போட்டிருக்கிறார்களாம். ஜூலை 24, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் பொது விசாரணை.

"பதினாறு தறி ஓடின எடத்துல இப்ப ஆறுதான் ஓடுது. இந்தத் தடவையும் தள்ளிட்டாங்கன்னா அப்பா எல்லாத்தயும் வித்துருவாரு. நீங்க அங்க மெம்பரா இருந்தீங்கல்ல, வந்து பேசினா கேப்பாங்க."

வருகிறேன் என்றேன்.

போன தடவை தள்ளியது யார் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் வந்து நின்றிருக்கிறாள்.

12 ஜூன்

எழுதிவிடுகிறேன். இத்தனை வருடத்தில் இந்த நோட்டில்கூட எழுதவில்லை.

2017. ராணுவத்தில் இருபத்தொன்பது வருடம் இருந்து, கர்னலாக வெளியே வந்து, ஆணையத்தில் உறுப்பினராகி மூன்றாவது வருடம். எங்கள் ஊர்த் தறிக்காரர்களின் மனு வந்தது. அவர்களுக்காக நின்று பேசியவன் தங்கச்சாமி. கேட்டது ஒன்றே ஒன்று. தறி ஓடுகிற கொட்டகையிலேயே தார் சுற்றும் மிஷினும் ஓடுகிறது, அதையும் நெசவாக எடுத்துக்கொண்டு தறிக்கான சலுகைக் கட்டணமே போடுங்கள் என்றான். தார் என்றால், தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற, நூல் சுற்றிய குச்சி. அது இல்லாமல் ஒரு முழம் துணி நெய்ய முடியாது. இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் அம்மா பரிபூரணம் தார் சுற்றித்தான் என்னைப் படிக்க வைத்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து நானும் சுற்றியிருக்கிறேன்.

தலைவர் முதல் நாளே சொன்னார்: "உங்க ஊர் கேஸ், கர்னல். வேணும்னா ஒதுங்கிக்குங்க." ஒதுங்கியிருக்கலாம். போஸ்ட்டை விட்டு நகர்கிறவனா நான்! என்ன திமிர். மற்ற இருவரில் ஒருவர் சரி என்றார், ஒருவர் முடியாது என்றார். என் கையில் வந்து நின்றது. சொந்த ஊருக்குச் சாய்ந்துவிட்டான் என்று ஒருத்தன் சொல்லிவிடக் கூடாது — தலைக்குள் ஓடியது அது ஒன்றுதான். தார் சுற்றுவது நெசவு அல்ல, தனித் தொழில் என்று பதினெட்டுப் பக்கம் எழுதினேன். சொந்த ஊர் என்றும் பார்க்காத நேர்மை என்று பேப்பரில் வந்தது. அதை வெட்டி வைத்துக்கொண்டேன் வேறு. இதே மனு வேறு ஊரிலிருந்து வந்திருந்தால் சரி என்றுதான் எழுதியிருப்பேன்.

தூ.

20 ஜூன்

பியூலாவிடம் சொன்னேன். "இத எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? அவியகிட்டல்லா சொல்லணும்."

2 ஜூலை

போனேன். தங்கச்சாமி கொட்டகையில், தறிச் சத்தத்தோடு சத்தமாக எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். பாதி கேட்டிருக்காது என்று ஒரு நப்பாசை. கேட்டிருந்தது. தங்கச்சாமி தறியை நிறுத்தினான்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்லே. தார் சுத்துறது நெசவா இல்லையான்னு பரிபூரணத்தம்மா மகனுக்குத் தெரியாதாக்கும்? ஏம் மூஞ்சியப் பாக்காமல்லா ஆர்டர வாசிச்ச."

மன்னித்துக்கொள் என்றேன்.

"மன்னிச்சு நான் என்னத்தக் காங்கப் போறேன்? எங்கிட்டச் சொன்னத இருபத்தி நாலாந் தேதி மைக்குல சொல்லு. சொந்த ஊருங்கற பயத்துல தப்பா எழுதிட்டேன்னு. ஒரே ஒரு வரி. சொல்லுவியா?"

"சொல்லுதேன்."

அவன் நம்பினான். வாசல் வரை வந்து வழியனுப்பினான்.

24 ஜூலை

ஆடிப்பூரத் தேருக்கு நாலு நாள். ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் பஸ் நுழையவே அரை மணி நேரம். மண்டபம் நிறைய ஆட்கள். ஒரு காலத்தில் எனக்குக் கீழே வேலை பார்த்த அதிகாரி கையைப் பிடித்துக் கூட்டிப்போய் முன்வரிசையில் உட்கார வைத்தார். "நேர்மைன்னா என்னன்னு நாங்க சார்கிட்டதான் கத்துக்கிட்டோம்" என்று மைக்கில் வேறு சொன்னார். கை தட்டினார்கள்.

அதுதான் கெடுத்தது. இல்லை, அது சாக்கு. கெடுத்தது நான்.

பதினைந்து நிமிடம் பேசினேன். சட்டப் பிரிவு, மற்ற மாநிலங்களின் வழக்கம், மிஷினின் குதிரைத்திறன் எல்லாம் வந்தது. அந்த ஒரு வரி மட்டும் வரவில்லை. "முந்தைய முடிவை ஆணையம் மீண்டும் பரிசீலிக்கலாம்" என்று முடித்தேன். யார் முடிவு? ஏன் தப்பு? சொல்லவில்லை. மூன்றாவது வரிசையிலிருந்து தங்கச்சாமி எழுந்து வெளியே போனான். நான் மைக்கைத் திருப்பிக் கொடுப்பதற்குள் போய்விட்டான்.

பதிமூன்றாயிரம் அடி உயரத்தில், பனிக்குள் ஆறு மாதம் காவல் இருந்தவன் நான். சீ, என்ன மனுசன்டா நீ. ஒரு வரி.

25 ஜூலை

பியூலா காபியை மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். வைதிருந்தால் தேவலை.

18 செப்டம்பர்

ஆர்டர் வந்துவிட்டது. தள்ளுபடி. பாண்டிசெல்வி போனில் அனுப்பியிருந்தாள்.

ஒன்பதாம் பக்கம்: "2017ஆம் ஆண்டின் முடிவு, அப்பகுதியையும் அத்தொழிலையும் நேரில் அறிந்த உறுப்பினரால் எழுதப்பட்டது. அதில் பிழை உள்ளதாக அவரே இவ்விசாரணையில் கூறவில்லை. எனவே அதிலிருந்து விலகக் காரணமில்லை."

மூன்று தடவை வாசித்தேன். அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தாலும் இதைத்தான் எழுதியிருப்பேன்.

22 செப்டம்பர்

ஸ்ரீவில்லிபுத்தூர் போய், தறிக்காரர்களின் வக்கீல் ஜெபக்குமாரைப் பார்த்தேன். மேல்முறையீட்டுக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதோடு சேர்க்க ஒரு பிரமாணப் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நாலே வரி.

"சார், இது வெளிய வந்தா உங்க பேரு கெட்டுப் போயிரும்."

"கெடட்டும்" என்றேன். எட்டு வருடம் முன்னாலேயே கெட்டிருக்க வேண்டியது.

26 செப்டம்பர்

பிரமாணப் பத்திரத்தின் நகலை எடுத்துக்கொண்டு தங்கச்சாமி கொட்டகைக்குப் போனேன். தறிகள் இல்லை. ஆறையும் முந்தின நாளே லாரியில் ஏற்றிவிட்டார்களாம். தரையில் போல்ட்டுக் குழிகளும் எண்ணெய்க் கறையும் கிடந்தன. பாண்டிசெல்வி நூல் மில்லில் சேர்ந்துவிட்டாள். காலை ஷிப்டுக்குப் போயிருந்தாள்.

காகிதத்தை நீட்டினேன். "கண்ணாடி வீட்டுல கெடக்கு. நீயே வாசி" என்றான்.

வாசித்தேன். தார் சுற்றுவதும் நெசவுதான் என்று எனக்கு அப்போதே தெரியும் என்பது முதல் வரி. காலிக் கொட்டகையில் என் குரலே எனக்குப் பெரிதாகக் கேட்டது. அவன் கடைசி வரி வரை கேட்டான்.

"மத்த இருபத்திரண்டு பேருக்கு ஆகும்" என்றான். "எனக்குத்தான் ஆகாமப் போச்சு."

குரலில் கோபமே இல்லை. அதற்கு நான் என்ன செய்ய?

பிறகு சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தான். கொட்டகைக்கு இனி கரண்ட் வேண்டாம், இணைப்பைத் துண்டித்துவிடுங்கள் என்கிற விண்ணப்பம். அவன் கையெழுத்துப் போட்டிருந்தான். சாட்சி இடம் காலியாக இருந்தது.

"நாளைக்குக் குடுக்கணும். பக்கத்துல வேற யாரும் இல்ல. நீயே போட்டுரு. கர்னல் கிர்னல்லாம் வேண்டாம்லே, வெறும் பேரு போதும்."

பெயரை மட்டும் போட்டேன்.