வேப்பமரம் கீது

ஞாயிற்றுக்கிழமை, மதியம்

அன்புள்ள மச்சானுக்கு,

ஃபர்சானாவின் ஸலாம். உங்கள் உடம்புக்கும் உழைப்புக்கும் அல்லாஹ் பரக்கத் தரட்டும். இங்கே எல்லோரும் நலம். மாமிக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது. மாமாவுக்கு முட்டிவலி இருக்கிறது, ஆனால் கேட்டால் இல்லை என்பார். அவர் நடக்கிற நடையே சொல்லிவிடுகிறது.

போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் நான் ஒன்று சொல்ல ஆரம்பித்தால் நீங்கள் மூன்று சொல்லி முடித்துவிடுகிறீர்கள். அதற்குள் நெட் போய்விடும். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. உங்களோடு ரூமில் இருக்கும் ஜோஷ்வா அண்ணன், தன் தங்கச்சி கல்யாணத்துக்கு அச்சரப்பாக்கம் வந்தவர், இந்த வாரம் மஸ்கட் திரும்புகிறார். அவர் கையில் இதையும், நெத்திலிக் கருவாடும், மாமி இடித்த மிளகாய்த்தூளும் கொடுத்தனுப்புகிறேன். கருவாட்டை ரூமில் எல்லோருக்கும் கொடுங்கள். கடிதத்தை மட்டும் தனியாக உட்கார்ந்து படியுங்கள்.

விஷயம் நம் அலீனாவின் பள்ளிக்கூடம்தான்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை வீடியோ காலில் பிள்ளையிடம், புத்தகத்தை எடுத்துவந்து அத்தாவுக்கு வாசித்துக் காட்டு என்றீர்கள். அவள் ஆசையாக ஓடிப்போய் இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை எடுத்துவந்தாள். புத்தகத்தில் இருந்தது, ‘எங்கள் வீட்டின் அருகில் ஒரு வேப்பமரம் இருக்கிறது.’ அவள் விரல் வைத்து வாசித்தது, ‘எங்க வூட்டாண்ட ஒரு வேப்பமரம் கீது.’ உங்கள் பின்னால் கட்டிலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். அப்புறம் உங்களுக்குக் கோபம் வந்துவிட்டது. இன்னாதான் சொல்லிக்கொடுக்கிறார்கள், இது பள்ளிக்கூடமா மாட்டுக்கொட்டாயா, ஒரு வரி வாசிக்கத் தெரியவில்லையே என்றீர்கள். ஜூனில் உங்கள் தங்கச்சி மகன் தௌசிஃப் படிக்கிற மெட்ரிக்குலேஷனில் சேர்த்துவிடு, அதற்கு முன் இரண்டு இடத்தையும் போய்ப் பார்த்துவிட்டு எனக்குச் சொல் என்றீர்கள்.

பார்த்துவிட்டேன். சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். அன்றைக்கு வாயை மூடியவள்தான், அதற்கப்புறம் அலீனா வாய்விட்டு வாசிப்பதே இல்லை. முன்பெல்லாம் மாமல்லபுரம் பஸ்ஸில் ஏறினால் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு கடை போர்டை விடமாட்டாள். சிற்பக்கூடம், டயர் கடை, கல்யாண மண்டபம் எல்லாவற்றையும் கத்திக் கத்தி வாசிப்பாள், முன் சீட்டில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். போன வாரம் போனோம். வாயே திறக்கவில்லை. அது இன்னா போர்டு கண்ணு என்று நானே கேட்டேன். தெரியாது என்றாள். அவள் கண் அந்தப் போர்டின் மேல்தான் ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை உங்கள் கால் வருகிற நேரத்துக்கு இப்போதெல்லாம் அவளுக்கு வயிறு வலிக்கிறது. தூங்கிவிட்டாள் என்று நான் உங்களிடம் சொன்னதெல்லாம் இதனால்தான். எனக்கு உங்கள் மேல் கோபம், மச்சான். போனில் சொன்னால் சண்டையாகும் என்று விழுங்கிக்கொண்டிருந்தேன்.

முதலில் மெட்ரிக்குலேஷனுக்குப் போனேன், உங்கள் தங்கச்சியும் கூட வந்தாள். வாசலில் வாட்ச்மேன், உள்ளே ஏசி ஆபீஸ், மீன் தொட்டி. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்கள். எங்கே போனாலும் நின்றுகொண்டே பேசிப் பழகிய எனக்கு அதுவே பாதி மனசை வாங்கிவிட்டது. கழிப்பறை நம் வீட்டுச் சமையல்கட்டைவிடச் சுத்தம். வகுப்புக்கு ஒரு டீச்சர் உண்டு. வேன் தெருவுக்கே வரும். பிள்ளைகள் எழுந்து நின்று இங்கிலீஷில் வணக்கம் சொன்னபோது, நம் பிள்ளையும் இப்படிச் சொன்னால் எப்படி இருக்கும் என்று எனக்கும் ஆசை வந்தது, பொய் சொல்லமாட்டேன். வகுப்பு நடக்கும்போது ஓரமாக நின்று பார்க்கட்டுமா என்று கேட்டேன். பெற்றோர் உள்ளே போகக்கூடாதாம், ஆபீஸ் டிவியில் வீடியோ போட்டுக் காட்டினார்கள். அதில் பிள்ளைகள் ஆண்டு விழாவில் ஆடிக்கொண்டிருந்தார்கள். பாடம் நடத்துவதை நான் பார்க்கவில்லை, அதனால் நல்லது என்றோ கெட்டது என்றோ எழுத என்னிடம் ஒன்றுமில்லை.

மறுநாள் நம் பள்ளிக்கூடத்துக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போனேன். காலை உணவு நடந்துகொண்டிருந்தது. கிச்சடியும் சாம்பாரும். நானும் ஒரு வாய் கேட்டு வாங்கித் தின்றேன், சாம்பாரில் உப்பு குறைவு, மற்றபடி குறையில்லை. கழிப்பறைக்குப் போனேன். மோட்டார் கெட்டுக் கிடக்கிறது, தெருக்குழாயில் பிடித்து ஊற்றுகிறார்கள், மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தேன். கூரையில் ஒரு மூலை மழைக்கு ஒழுகிய கறை. அங்கே இருக்கிற இன்னொரு வாத்தியார் ராமானுஜம் சாரை வாக்காளர் பட்டியல் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள், அதனால் தலைமையாசிரியை மார்கரெட் டீச்சரே எல்லாப் பிள்ளைகளையும் ஒரே ஹாலில் வைத்துக்கொண்டிருந்தார். பாயில் வட்டம் வட்டமாக உட்கார்ந்து, கையில் அட்டைகளை வைத்துக்கொண்டு, ஒரே சந்தைக்கடை. நம் பிள்ளை மட்டும் அட்டையில் விரலை வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

அதைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. எல்லார் முன்னாலும் டீச்சரிடம் கேட்டுவிட்டேன். இரண்டாம் வகுப்பு முடியப் போகிறது, என் பிள்ளைக்கு ஒரு வரி வாசிக்கத் தெரியவில்லை, வீட்டை வூடு என்கிறாள், ஊர்விட்டு ஊர் போய்க் கிடக்கிற மனுஷனிடம் நான் என்ன பதில் சொல்வது என்று. மார்கரெட் டீச்சருக்குக் கோபம் வரவில்லை. பிள்ளைகளை எழுதச் சொல்லிவிட்டு என்னை வெளியே கூட்டிவந்தார். உங்களுக்கு அவரைத் தெரியாது. செங்கல்பட்டுப் பக்கம் கூலிக்குக் களை எடுத்த குடும்பம், அவர்தான் முதலில் படித்தவர் என்று சொல்வார்கள். வகுப்பில் புத்தகம் போலப் பேசுவார், வெளியே வந்தால் நம்மைப் போலத்தான். அந்த வேப்பமர வரியை நான் சொன்னதும் என்னையே திருப்பிக் கேட்டார், ‘உங்க வூட்டாண்ட வேப்பமரம் கீதாம்மா?’ என்று.

நம் வீட்டருகே ஏது வேப்பமரம்? கரண்டு கம்பமும் மளிகைக் கடையும்தான் என்றேன். ‘அப்ப உன் பொண்ணு வாய்க்கு அது எங்கேர்ந்து வந்துச்சி?’ என்றார்.

அவரே சொன்னார். மனப்பாடமாக இருந்தால் புத்தகத்தில் இருக்கிறபடியே ஒப்பித்திருப்பாளாம். எழுத்துக்கூட்டி இழுத்திருந்தால் ‘வீட்டின் அருகில்’ என்றே இழுத்திருப்பாளாம். இவள் வரியைப் பார்த்து, அர்த்தத்தை எடுத்துக்கொண்டு, அதைத் தன் வாய்ப்பேச்சில் சொல்லியிருக்கிறாள். இருப்பதை இருக்கிறபடி வாசிக்கவும் வேண்டும், அது என் வேலை, இன்னும் முடியவில்லை என்று ஒத்துக்கொண்டார். பிள்ளைகளின் வாசிப்பைச் சோதிக்க வருகிற ஆட்களும் இதைத் தப்பு என்றுதான் போட்டுக்கொண்டு போகிறார்களாம். வகுப்புக்குத் திரும்பிப் போகும்போது டீச்சர், ‘தப்பா வாசிக்கிற புள்ளைய திருத்திடலாம்மா. வாயத் தொறக்காத புள்ளைய நா இன்னா பண்றது? ஒரு மாசமா இவ ஏன் இப்டி கீறான்னு நானே உன்னைக் கேக்கணும்னு இருந்தேன்’ என்றார். நீங்கள் சிரித்ததை நான் அவரிடம் சொல்லவில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குச் சந்தேகம்தான். தன் மோரைப் புளிப்பு என்று யார் சொல்வார்? டீச்சர் தன் பள்ளிக்கூடத்தை விட்டுக்கொடுப்பாரா? ஆள் குறைந்தால் அவருக்குத்தானே கஷ்டம் என்றெல்லாம் நினைத்தேன்.

அப்புறம் போன வியாழக்கிழமை நடந்ததைக் கேளுங்கள். மாமி இட்லிக்கு அரிசி ஊறப்போட்டுக்கொண்டிருந்தார், காலையில் அரைத்துக்கொள்ளலாம் என்று. கடைக்குப் போய்விட்டு வந்த அலீனா, நாளைக்குக் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் கரண்டு இருக்காதாம், மாவை இன்றைக்கே அரைத்துவிடு என்று மாமியிடம் சொன்னாள். யார் சொன்னது என்றேன். தெரு முனைக் கம்பத்தில் ஒட்டிக் கீது என்றாள். அவளைக் கையில் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். ‘மாதாந்திரப் பராமரிப்புப் பணிகள் காரணமாக நாளை காலை முதல் மாலை வரை மின் விநியோகம் நிறுத்தப்படும்.’ இதுதான் அந்த நோட்டீஸ். இரண்டு தடவை படித்தேன். அதில் கரண்டு என்ற சொல்லே இல்லை, மச்சான். இருக்காது என்ற சொல்லும் இல்லை. தினமும் அந்தக் கம்பத்தைத் தாண்டித்தான் போகிறேன், நான் ஒருநாளும் நின்று படித்ததில்லை.

அந்த இடத்திலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் அழுவுற என்று கேட்டாள். கண்ணில் தூசி என்றேன். மாமி மாவை அன்றைக்கே அரைத்துவிட்டார். மறுநாள் சொல்லிவைத்தாற்போல் கரண்டு போனது.

தௌசிஃப் சாயங்காலம் வந்திருந்தான். அவனையும் கூட்டிக்கொண்டு போய் அதே நோட்டீஸை வாசிக்கச் சொன்னேன். ஓர் எழுத்துப் பிசகாமல், ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோல் வாசித்தான். வாசித்து முடித்துவிட்டு, ‘மாமி, விநியோகம்னா இன்னா?’ என்று என்னிடம் கேட்டான். இதை உங்கள் தங்கச்சியிடம் சொல்லிவிடாதீர்கள், மனசு நோகும். அவன் கெட்டிக்காரப் பிள்ளைதான். அடுத்த நிமிஷம் இங்கிலீஷில் என்னிடம் எதையோ கேட்டான், நான் திருதிருவென்று முழித்தேன்.

ஆகவே இங்கிலீஷ் வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. சிறுசேரி ஐடி கம்பெனிகளுக்கு நம் தெருவிலிருந்தே பெண்பிள்ளைகள் கேப் ஏறிப் போகிறார்கள், நம் பிள்ளையும் போகட்டும். ஐந்தாவது வரைக்கும் இங்கேயே இருக்கட்டும், ஆறாவதில் எங்கே சேர்த்தாலும் எனக்குச் சம்மதம் என்றுதான் சொல்கிறேன். புரிந்து வாசிக்கக் கற்றுக்கொண்ட இடத்தை விட்டு, வாயை மூடிக்கொண்ட இந்த நேரத்தில் பிடுங்கி வேறு இடத்தில் நட்டால் அவள் வாய் திறக்கவே மாட்டாளோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. மாமாவுக்கு வேன்தான் பிடித்திருக்கிறது. வாசலில் வேன் வந்து நின்றால் ஒரு மரியாதைதானே என்கிறார். வேன் நிற்கட்டும், உள்ளே ஏறுகிறவள் அழாமல் ஏறவேண்டாமா என்றேன். டீ டம்ளரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

கழிப்பறை விஷயத்தை நான் விடவில்லை. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போய் மோட்டாருக்காகச் சண்டை போட்டேன். இவ்வளவு பேசுகிறவள் வெளியில் இருந்தால் ஆபத்து என்று என்னையே குழுவில் போட்டுவிட்டார்கள். நீங்கள் கட்டிக்கொண்ட வாயாடிக்கு ஊரில் இப்போது ஒரு பதவி. மோட்டார் இன்னும் வரவில்லை, வரும்வரை நானும் விடமாட்டேன்.

முடிவை நீங்களே எடுங்கள் என்று எழுதத்தான் நினைத்தேன், மனசு வரவில்லை. நீங்கள் போகும்போது அவள் பால்வாடியில் இருந்தாள், செருப்பை இடது வலது மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டாம் வகுப்புப் பிள்ளையை நீங்கள் போன் திரையில்தான் பார்த்திருக்கிறீர்கள். பள்ளிக்கூடத்தையும் அப்படித்தான். குற்றமாகச் சொல்லவில்லை, எங்களுக்காகத்தான் அங்கே கிடக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் ஒரு வரியைக் கேட்டு ஒரு பள்ளிக்கூடத்தையும் ஒரு பிள்ளையையும் தீர்த்துவிடாதீர்கள்.

இந்தத் தாளின் பின்பக்கத்தில் அத்தாவுக்கு ஏதாவது எழுது என்று அலீனாவிடம் கொடுத்தேன். எனக்குக் காட்டாமல் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து எழுதினாள். ஒரே ஒரு வரி. ‘அத்தா, எப்போது வீட்டுக்கு வருவீர்கள்?’ திருப்பிப் பாருங்கள். வீட்டுக்கு என்றுதான் எழுதியிருக்கிறாள், ஒரு சுழி தவறவில்லை.

வாசித்துக் காட்டு என்றேன். முதலில் என் போனைப் பார்த்தாள். அத்தா கேட்டுக்கினு கீறாரா என்றாள். இல்லை என்று போனை அணைத்து அவள் கையிலேயே கொடுத்தேன். அதைக் கவிழ்த்து வைத்து, மேலே ஒரு தலையணையையும் வைத்து அமுக்கினாள். அப்புறம் என் காதுக்குப் பக்கத்தில் வந்து வாசித்தாள், ‘அத்தா, எப்ப வூட்டுக்கு வருவீங்க?’ என்று.

அடுத்த வெள்ளிக்கிழமை ரூமில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து கால் பண்ணுங்கள். இந்தத் தாளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நீ எழுதியதை அத்தாவுக்கு வாசித்துக் காட்டு என்று கேளுங்கள். அவள் தூங்கிவிட்டாள் என்று நான் சொல்லமாட்டேன், பக்கத்திலேயே உட்கார்த்தி வைத்திருப்பேன். அவள் வீடு என்று வாசித்தாலும் சரி, வூடு என்று வாசித்தாலும் சரி, திருத்த வேண்டாம். அவள் கேட்டதற்குப் பதில் மட்டும் சொல்லுங்கள்.

அல்லாஹ் உங்களைச் சுகமாக வைத்து, சீக்கிரம் எங்களிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்
ஃபர்சானா