கொட்டகையின் உயரம்

மார்ச் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனை எடுத்தால் "நல்லாருக்கேன், வை" என்று முடித்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

உங்கள் பழைய சிமென்ட் ஆலை ஐம்பதாவது ஆண்டு விழா கொண்டாடப் போகிறது. ஆலைக்குள் இருந்த சரக்கு ஸ்டேஷனை, குட்டி ரயில் ஓடும் மாதிரியாகச் செய்து தரச் சொல்லி என்னிடம்தான் கொடுத்திருக்கிறார்கள்! பன்னிரண்டடி மேஜை, எண்பத்தேழில் ஒரு பங்கு அளவு. அப்படியும் இடம் போதவில்லை. ஆலைக் கட்டடத்தைப் பாதி ஆழத்துக்கு வெட்டிப் பின்பலகையோடு ஒட்டிவிட்டேன். இரண்டு புகைபோக்கிகளில் ஒன்றைக் கழித்துவிட்டேன். இந்த வேலையில் அதெல்லாம் தப்பில்லை.

அந்த யார்டில் இருபது வருஷம் வேகன்களைப் பிரித்துச் சேர்க்கும் ஷண்டிங் மாஸ்டராக நடந்தவர் நீங்கள். வரைபடம் இணைத்திருக்கிறேன். பிழை இருந்தால் காதைத் திருகுங்கள்.

உங்கள் மகள்,
கட்டெறும்பு

மார்ச் 11

என் கட்டெறும்புக்கு,

முழங்கால் கிடக்கட்டும். வரைபடத்தை மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். உனக்கு என் கை வந்திருக்கிறது, உன் அம்மாவின் பிடிவாதமும்.

கூரைகள் ஏன் புது வீடு மாதிரி பளபளக்கின்றன? பனியில் நனைந்த சிமென்ட் தூசி ஓடு மேல் அப்பளமாகக் காய்ந்து கிடக்கும். சாம்பல் நிறம் பூசு. எடைமேடைப் பக்கம் தண்ணீர்க் குழாய் எப்போதும் ஒழுகும், அங்கே மட்டும் தரை கறுப்பு.

இன்னொன்று. தண்டவாளத்தை மாற்றிவிடும் கேபினுக்கும் மூன்றாம் பாதைக்கும் நடுவில் நிலக்கரிக் கொட்டகையைப் பதினெட்டடி உயரம் போட்டிருக்கிறாய். அவ்வளவெல்லாம் இல்லை, பத்தடி இருந்தால் அதிகம். எப்படியும் எல்லாவற்றையும் சுருக்கத்தானே செய்கிறாய்? அப்போதுதான் கொட்டகைக்குப் பின்னால் நிற்கும் வேகன்களும் பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

உன் அப்பா

மார்ச் 20

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் சொன்னபடி பத்தடிக்கு ஒரு கொட்டகை செய்தேன். பிறகு ஆலைக்காரர்கள் கொட்டகையின் பழைய கட்டுமான வரைபடத்தைத் தேடி அனுப்பினார்கள். அதில் பதினெட்டு என்றுதான் இருக்கிறது. அந்த உயரத்துக்கு இன்னொன்று செய்து வைத்தேன். ரயில் ஓட்டுகிறவன் கண்ணுக்கு எப்படித் தெரியும், கேபின்காரர் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று போன் கேமராவை வைத்துப் பார்ப்பது என் வழக்கம். கேபின் ஜன்னலில் வைத்தேன். மூன்றாம் பாதையே தெரியவில்லை அப்பா. கூரை மட்டும்தான்.

எனக்கு அப்போது பதினோரு வயது. இருந்தும் எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அடுத்த வீட்டுக் கேபின் மாமா வேலைக்குச் சேர்ந்து ஒன்பது நாள்தான். மூன்றாம் பாதைக்கு வண்டியைத் திருப்ப நெம்புகோலை இழுத்தார். அங்கே குனிந்து பெருக்கிக்கொண்டிருந்த சுமைக்காரருக்குக் கால் போயிற்று. பாதையில் ஆள் இருந்தால் கேபினுக்குச் சிவப்புக் கொடி காட்ட, கொட்டகை மூலையில் ஒருவர் நிற்க வேண்டும் என்பது விதி. அது உங்கள் இடம். விசாரணையில் நீங்கள் சொன்னீர்கள்: "கொடியே தேவையில்ல, ஜன்னல்லேர்ந்தே கூரைக்கு மேல நல்லாத் தெரியும்." அதற்குள் கொட்டகையை இடித்துவிட்டதால் யாராலும் சரிபார்க்க முடியவில்லை. மாமாவுக்கு வேலை போயிற்று.

அன்று மூலையில் யார் நின்றார்கள்?

கட்டெறும்பு

மார்ச் 25

மகளுக்கு,

மேஜை மேல் பொம்மை ரயில் விடுகிறவளுக்கு யார்டு பற்றி என்ன தெரியும்? உன்னைச் சம்பளத்துக்கு வைத்தவர்கள் ரயில் கேட்டார்களா, விசாரணை கேட்டார்களா? கொட்டகையைப் பத்தடி வை. இல்லையென்றால் விழாவுக்கு என்னைக் கூப்பிடாதே.

அப்பா

ஏப்ரல் 2

அப்பாவுக்கு,

நீங்கள் "நின்றேன்" என்று எழுதியிருந்தால் நம்பியிருப்பேன். அந்த ஒரு வார்த்தைக்காகக் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தேன்.

பதினெட்டடிக் கொட்டகையை ஒட்டிவிட்டேன். இனிப் பிய்த்தால் பலகையோடுதான் வரும். விழாவுக்குப் பழைய ஆட்களையெல்லாம் ஆலையில் அழைத்திருக்கிறார்கள், கேபின் மாமாவையும். நேற்று மாமாவின் மனைவி, அத்தையோடு போனில் பேசினேன். "ரோட்டைத் தாண்டறப்ப இன்னும் என் கையைத்தாம்மா பிடிச்சுக்கறாரு. தன் கண்ணை அவரே நம்பறதில்ல. மாஸ்டர் பொய் சொல்ல மாட்டாரு, நான்தான் சரியாப் பாக்கலன்னு சொல்லிட்டே இருப்பாரு" என்றாள்.

அவர் வந்தால் முதலில் கேபின் பக்கம்தான் குனிவார். மேஜை சொல்வதற்கு முன் நீங்கள் சொல்லிவிடுங்கள். பத்து நாள் இருக்கிறது. உங்கள் மேல் எனக்குப் பயங்கரக் கோபம் அப்பா. அழுகையும் வருகிறது.

மகள்

ஏப்ரல் 9

என் மகளுக்கு,

நேற்றுப் போனேன். இரண்டு பேருந்து மாறி, அவர்கள் வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்தேன். "வாங்க மாஸ்டர், வாங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். உட்காரவில்லை. உட்கார்ந்தால் வேறு பேச்சு பேசிவிட்டு வந்துவிடுவேன் என்று தெரியும்.

நின்றுகொண்டே சொன்னேன். அன்று மூலையில் நான் இல்லை. டீ குடிக்கப் போயிருந்தேன். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை. கூரைக்கு மேல் எதுவும் தெரியாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். வேலையும் குடியிருப்பும் போய்விடும் என்று பயந்து பொய் சொன்னேன்.

அவர் கத்துவார், அடிப்பார் என்று நினைத்துத்தான் போனேன். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அப்ப அன்னைக்கு நான் பாக்காம விடலையா?"

"இல்லப்பா. யாரு பாத்திருந்தாலும் தெரிஞ்சிருக்காது" என்றேன்.

உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். "இவகிட்ட இன்னொருவாட்டி சொல்லுங்க மாஸ்டர், முதல்லேர்ந்து" என்றார். சொன்னேன். முதல் தடவையைவிட அதுதான் கஷ்டமாக இருந்தது. அவள் கேட்டுவிட்டுக் கதவைக் காட்டினாள்.

ஆலைக்கும் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். விழாவுக்கு அவர்கள் இருவரும் வருகிறார்கள். நான் வரக் கூடாது என்று அவள் சொன்னாள். வரமாட்டேன். அதன் பிறகு நீ இந்த வீட்டுக்கு வருவாயா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வந்தால் கதவு திறந்திருக்கும்.

உன் அப்பா